இயாகோ ஏன் செய்தான்? ஒதெல்லோவின் வஞ்சகனைப் படிக்கவும் நடிக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

பதவி உயர்வு கிடைக்கவில்லை, அதனால் பழிவாங்கினான். ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நாடகத்தில் வரும் வஞ்சகன் இயாகோவைப் பற்றி நம் பிள்ளைகளின் கொப்பிகளில் பெரும்பாலும் இந்த ஒரு வரிதான் இருக்கிறது. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவியும் சரி, தோட்டத்து மண்டபத்தில் நாடகம் போட நினைக்கும் இளைஞர் குழுவும் சரி, இந்த வரியோடு நின்றுவிடுகிறார்கள். இந்த வரியை வைத்துப் பரீட்சையில் ஓரளவு புள்ளி எடுத்துவிடலாம். ஆனால் பாத்திரத்தை மேடையில் நிறுத்த முடியாது. மூன்றாம் அங்கம் முடியும்போதே அவன் கேட்ட பதவி அவனுக்குக் கிடைத்துவிடுகிறது. அதற்குப் பிறகும் அவன் ஏன் நிறுத்தவில்லை?

இந்தக் கேள்விக்கு நாடகத்தின் வரிகளுக்குள்ளேயே பதில் தேடும் முறையை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். பிரதியும், ஒரு கொப்பியும், கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

முதல் படி: கதையை நேராக வைத்துக்கொள்ளுங்கள்

நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு ஒதெல்லோ என்றதும் 1963இல் வந்த 'இரத்தத் திலகம்' படத்தில் சிவாஜியும் சாவித்திரியும் நடித்த காட்சி நினைவுக்கு வரும். அங்கே கணவனும் மனைவியும்தான் கண்ணில் நிற்பார்கள். முழு நாடகத்தில் நிலைமை வேறு. ஒதெல்லோவைவிட இயாகோவுக்கே அதிக வரிகள்.

சுருக்கமாகக் கதை இதுதான். வெனிஸ் நாட்டுப் படையின் தளபதி ஒதெல்லோ, கறுப்பினத்தவர். செனட்டர் பிரபான்சியோவின் மகள் டெஸ்டிமோனாவைத் தந்தைக்குத் தெரியாமல் மணக்கிறார். தனக்கு அடுத்த நிலையில் உள்ள லெப்டினன்டாகக் கசியோவை நியமிக்கிறார். கொடி தாங்கும் அதிகாரியாகவே விடப்பட்ட இயாகோவுக்கு வயது 28. டெஸ்டிமோனாவை விரும்பும் ரொடரிகோ என்ற பணக்கார இளைஞனிடமிருந்து காசு கறந்துகொண்டே, டெஸ்டிமோனாவுக்கும் கசியோவுக்கும் தொடர்பு இருப்பதாக ஒதெல்லோவை நம்பவைக்கிறான் இயாகோ. தன் மனைவி எமிலியா எடுத்துக்கொடுத்த டெஸ்டிமோனாவின் லேஞ்சியை (கைக்குட்டையை) சாட்சியாக்குகிறான். ஒதெல்லோ மனைவியைக் கொன்று, உண்மை தெரிந்ததும் தன்னையும் மாய்த்துக்கொள்கிறார். 1604 நவம்பர் முதலாம் திகதி லண்டன் அரண்மனையில் இது நடிக்கப்பட்டதற்குப் பதிவு இருக்கிறது.

இரண்டாம் படி: கொப்பியில் நான்கு நிரல் போடுங்கள்

முதல் நிரலில் அங்கமும் காட்சியும். இரண்டாவதில் இயாகோ யாரிடம் பேசுகிறான் என்பது. மூன்றாவதில் அவன் சொல்லும் காரணம். நான்காவதில், அந்த நேரத்தில் அப்படிச் சொல்வதால் அவனுக்கு என்ன ஆதாயம் என்பது. இந்த நான்காவது நிரல்தான் முக்கியம். அதை வெறுமையாக விட்டால் மற்ற மூன்றையும் எழுதியது வீண்.

உதாரணத்துக்கு நாடகத்தின் முதல் காட்சியையே எடுங்கள். பதவி உயர்வுக் கதை அங்கேதான் விரிவாக வருகிறது: நகரத்துப் பெரிய மனிதர்கள் மூவர் எனக்காகச் சிபாரிசு பேசினார்கள், ரோட்ஸிலும் சைப்பிரஸிலும் நான் போரிட்டதை ஒதெல்லோ கண்ணாலேயே பார்த்தவர், அப்படியிருந்தும் களத்தில் ஒரு படைப்பிரிவைக்கூட நடத்திப் பார்க்காத, கணக்குப் புத்தகம் படித்த கசியோவுக்குக் கொடுத்துவிட்டார் என்கிறான். கேட்கும்போது நியாயமான மனக்குறையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று பாருங்கள். ரொடரிகோ கோபத்தோடு நிற்கிறான். என் பணப்பையை உன்னுடையதுபோல ஆண்டுகொண்டு, இந்தக் கல்யாண விஷயத்தை என்னிடம் சொல்லாமல் விட்டாயே, அவரை வெறுக்கிறேன் என்று சொன்னது பொய்தானா என்று கேட்கிறான். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் பதவிக் கதை வருகிறது. காசு தருகிறவனைச் சமாதானப்படுத்த வேண்டிய நேரத்தில் சொல்லப்பட்டது அது. கதை பொய் என்று நான் சொல்லவில்லை. எந்த இடத்தில், எதற்காகப் பயன்பட்டது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தனிமொழிகளை வேறு நிறப் பேனையால் எழுதுங்கள். முதலாம் அங்கம் மூன்றாம் காட்சியின் முடிவு, இரண்டாம் அங்கம் முதலாம் காட்சியின் முடிவு, அதே அங்கம் மூன்றாம் காட்சி ஆகிய இடங்களில் வருபவை பெரியவை. மேடையில் தனியாக நிற்கிறவன் உண்மை பேசுவான் என்ற வழக்கத்தை அப்படியே நம்ப வேண்டாம். சபையும் அவன் பேசி வசப்படுத்த வேண்டிய ஓர் ஆள்தான்.

மூன்றாம் படி: ஷேக்ஸ்பியர் எதை நீக்கினார் என்று பாருங்கள்

நாடகத்துக்கு மூலம், சிந்தியோ என்ற இத்தாலிய எழுத்தாளர் 1565இல் வெளியிட்ட கதைத்தொகுதியில் உள்ள ஒரு கதை. அங்கே கொடி தாங்கும் அதிகாரிக்குக் காரணம் தெளிவானது. அவன் டெஸ்டிமோனா மேல் ஆசைப்படுகிறான். அவள் கவனிக்கவேயில்லை. அவள் மனதில் இன்னொரு வீரன் இருக்கிறான் என்று நினைத்துக்கொள்கிறான், ஆசை பகையாகிறது. பதவி உயர்வு மறுக்கப்பட்ட சங்கதி அங்கே கிடையாது. மனைவி மேல் சந்தேகமும் கிடையாது. ரொடரிகோ என்ற ஆளே கிடையாது.

ஷேக்ஸ்பியர் அந்த ஆசையை வில்லனிடமிருந்து எடுத்து, தான் புதிதாகப் படைத்த ரொடரிகோவிடம் கொடுத்துவிட்டார். இயாகோவின் கையில் அதற்குப் பதிலாகப் பல அரைகுறைக் காரணங்களைக் கொடுத்தார். கையில் இருந்த ஒரு நல்ல காரணத்தை ஒரு நாடகாசிரியர் வேண்டுமென்றே கழற்றி வைத்திருக்கிறார் என்றால், ஒற்றைக் காரணத்தைத் தேடி நாம் அலைவதில் பயனில்லை.

கம்பன் கூனியைக் கையாண்ட விதத்தோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். சிறுவயதில் இராமன் வில்லிலிருந்து விட்ட மண்ணுருண்டை கூனின் மேல் பட்டதை அவள் மறக்கவில்லை என்று கம்பன் ஒரு காரணத்தைக் கொடுத்துவிடுகிறான். கைகேயியின் மனதை அவள் திருப்புவதைக் கேட்கும்போது நமக்கு ஆத்திரம் வரும், ஆனால் குழப்பம் வராது. இயாகோவிடம் அந்த வசதி இல்லை.

நான்காம் படி: ஒவ்வொரு காரணத்தையும் மூன்று கேள்விகளால் சோதியுங்கள்

அவன் அதைத் திரும்பச் சொல்கிறானா? வேறு யாராவது அதை உறுதிப்படுத்துகிறார்களா? கேட்டது கிடைத்தபின் நிறுத்துகிறானா?

பதவி. ரொடரிகோவிடம் விரிவாகச் சொன்னதை முதல் தனிமொழியில் ஒரே வரியில் தொடுகிறான், கசியோவின் இடத்தைப் பிடிக்க வேண்டும் என்று. மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சியின் முடிவில் 'இனி நீதான் என் லெப்டினன்ட்' என்று ஒதெல்லோ சொல்லிவிடுகிறார். 'என்றைக்கும் நான் உங்களுக்கு உரியவன்' என்கிறான் இயாகோ. சந்தோஷப்பட்டு ஒரு வார்த்தை பேசுவதில்லை. வேலை முன்னைவிட வேகமாக நடக்கிறது. காரணம் உண்மையாக இருக்கலாம், ஆனால் போதாது.

மனைவி மேல் சந்தேகம். ஒதெல்லோவுக்கும் எமிலியாவுக்கும் தொடர்பு என்று ஊர் பேசுவதாக முதல் தனிமொழியில் சொல்கிறான். அதே மூச்சில், உண்மையா என்று தெரியாது, இருந்தாலும் வெறும் சந்தேகத்தையே நிச்சயமாக எடுத்துக்கொண்டு நடப்பேன் என்கிறான். வரிசையைக் கவனியுங்கள்: வெறுக்கிறேன் என்பது முதலில் வந்துவிடுகிறது, காரணம் அதன் பின்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது. இரண்டாவது தனிமொழியில் இந்தச் சந்தேகம் விஷம்போல உள்ளே அரிக்கிறது என்கிறான். இதற்கு மட்டும் வெளிச் சாட்சி ஒன்று உண்டு. அதை எமிலியாவிடம் வரும்போது பார்ப்போம்.

டெஸ்டிமோனா மேல் ஆசை. இரண்டாவது தனிமொழியில் ஒருமுறை, அதுவும் வெறும் காமம் இல்லை என்று தானே திருத்திக்கொண்டு சொல்கிறான். அப்புறம் அந்தப் பேச்சே இல்லை. கசியோ மேலும் மனைவி விஷயத்தில் சந்தேகம் என்பதும் அதேபோலத்தான், ஒரு வரி, அத்தோடு சரி. இந்த இரண்டிலும் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

காசு. ரொடரிகோவின் பணமும் நகைகளும் உண்மையான வருமானம். ஆனால் ஒதெல்லோவை அழிப்பதால் அவனுக்கு ஒரு சதமும் வரப்போவதில்லை.

நிறம். நாடகத்தின் முதல் காட்சியிலேயே நள்ளிரவில் பிரபான்சியோவின் வாசலில் நின்று, அவருடைய மகளையும் மருமகனையும் மிருகங்களோடு ஒப்பிட்டுக் கத்துகிறான். இது வெறுப்பும்தான், ஆயுதமும்தான். பிரபான்சியோ ஒதெல்லோவை வீட்டுக்கு அழைத்து உபசரித்தவர், போர்க்கதைகள் கேட்டவர், ஆனால் மருமகனாக ஏற்கமாட்டார். வெனிஸுக்கு ஒதெல்லோவின் வாள் வேண்டும், அவர் வேண்டாம். மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தைப் பற்றித் தாத்தா பாட்டி வாயால் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. ஒரு நாட்டுக்காக உழைத்துக்கொண்டே அந்த நாட்டில் வெளியாளாக எண்ணப்படுகிறவரின் மனதில் எந்த இடம் மெல்லியது என்று இயாகோவுக்குத் தெரிந்திருக்கிறது. அவனுடைய தந்திரம் பலிப்பதற்கு அவன் கெட்டிக்காரத்தனம் பாதிதான். மீதிப் பாதியை வெனிஸ் ஏற்கெனவே செய்து வைத்திருந்தது.

இங்கே கோல்ரிட்ஜைச் சொல்லியாக வேண்டும். காரணமே இல்லாத தீமை தனக்குக் காரணம் தேடிக்கொள்கிறது என்ற பொருளில், முதல் தனிமொழியைப் பற்றி அந்த ஆங்கிலக் கவிஞர் எழுதிய குறிப்பு மிகவும் புகழ்பெற்றது. காரணம் தேடுகிறான் என்பது வரை எனக்குச் சம்மதம். காரணமே இல்லை என்பதில் சம்மதமில்லை. கொப்பியில் இன்னொரு விஷயத்தையும் பாருங்கள்: மூன்றாம், நான்காம் அங்கங்களில் அவன் தனியாகப் பேசும் சிறு பேச்சுகளில் காரணமே வருவதில்லை. என் மருந்து வேலை செய்கிறது, விஷம் ஏறுகிறது என்று செய்முறை மட்டும்தான். காரணம் சொல்லும் தேவை தீர்ந்துவிட்டது. ஐந்தாம் அங்கத்தில்தான் மறுபடி ஒன்று வருகிறது.

ஐந்தாம் படி: வசப்படுத்தும் காட்சியை வரி வரியாகப் படியுங்கள்

மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சி. ஒருவன் எப்படிச் செய்கிறான் என்பதிலிருந்து ஏன் செய்கிறான் என்பது கொஞ்சம் தெரியவரும். அதனால் இங்கே அவசரப்படாதீர்கள்.

டெஸ்டிமோனாவிடம் பேசிக்கொண்டிருந்த கசியோ ஒதெல்லோவைக் கண்டதும் போய்விடுகிறான். 'ம்... இது எனக்குப் பிடிக்கவில்லை' என்று இயாகோ தனக்குள் சொல்வதுபோலச் சொல்கிறான். என்ன சொன்னாய் என்று ஒதெல்லோ கேட்க, ஒன்றுமில்லை ஐயா என்கிறான். சிறிது நேரம் கழித்து, நீங்கள் பெண் கேட்டுத் திரிந்த காலத்தில் கசியோவுக்கு விஷயம் தெரியுமா என்று கேட்கிறான். தெரியும் என்கிறார். அப்படியா என்கிறான். அவன் நேர்மையானவன் இல்லையா? நேர்மையா, ஐயா? என்ன நினைக்கிறாய்? நினைக்கிறேனா, ஐயா? ஒதெல்லோவின் வார்த்தைகளையே எடுத்துத் திருப்பிக் கொடுக்கிறான். குற்றச்சாட்டு என்று ஒரு சொல்லைக்கூட அவன் இன்னும் சொல்லவில்லை. உள்ளே ஏதோ இருக்கிறது என்று ஒதெல்லோவே முடிவுகட்டி, அதை வெளியே எடு என்று கெஞ்சும் நிலைக்கு வருகிறார்.

அதன் பிறகு பொறாமை வேண்டாம் ஐயா என்று எச்சரிக்கிறான். பொறாமை என்ற சொல்லை அந்த இடத்தில் முதலில் கொண்டுவருகிறவனே அவன்தான். அடுத்து, தந்தையை ஏமாற்றித்தானே உங்களை மணந்தாள் என்கிறான். முதலாம் அங்கத்தில் பிரபான்சியோ கடைசியாக எறிந்துவிட்டுப் போன வார்த்தை அது, அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறான். பிறகுதான் தன் நாட்டில், தன் நிறத்தில், தன் தகுதியில் வந்த வரன்களை அவள் வேண்டாம் என்றாளே என்று ஆழமாகக் குத்துகிறான். லேஞ்சி பற்றிய பொய் இதெல்லாம் முடிந்த பின் வருகிறது. அதற்குள் ஒதெல்லோவுக்கு எந்தச் சாட்சியும் போதுமாக இருந்திருக்கும்.

காட்சியின் முடிவில் மூன்று நாளுக்குள் கசியோ உயிரோடு இருக்கக்கூடாது என்கிறார் ஒதெல்லோ. சரி, என் நண்பன் செத்தான், ஆனால் அவளை வாழவிடுங்கள் என்கிறான் இயாகோ. அவளை விட்டுவிடச் சொல்வதன் மூலம் அவள் சாவை மேசைமேல் எடுத்து வைத்துவிடுகிறான். இதைச் செய்கிறவனுக்குத் தன் திறமையில் ஓர் ஆழ்ந்த இன்பம் இருக்கிறது. இரண்டாம் அங்கத்தில், கசியோவைக் குடிக்கவைத்துக் கலகம் மூட்டிய இரவு விடியும்போது, இன்பமும் வேலையும் சேர்ந்தால் நேரம் போவதே தெரிவதில்லை என்று தானே சொல்கிறான். நடிப்பவர்கள் அந்த வரியைத் தவறவிடக் கூடாது.

ஆறாம் படி: எமிலியாவைக் கேளுங்கள்

நான்காம் அங்கம் இரண்டாம் காட்சி. யாரோ ஒரு படுபாவி, ஏதோ ஒரு பதவிக்காக இந்த அவதூறைக் கிளப்பியிருக்கிறான் என்று எமிலியா கொதிக்கிறாள். அந்தப் படுபாவி பக்கத்திலேயே நிற்கிறான். அப்படிப்பட்ட ஒருவன்தான் முன்பு உங்கள் புத்தியையும் கெடுத்து, என்னையும் ஒதெல்லோவையும் சேர்த்துச் சந்தேகிக்க வைத்தான் என்று அவனிடமே சொல்கிறாள். ஆகவே மனைவி மேல் அவனுக்குச் சந்தேகம் இருந்தது உண்மை. வீட்டுக்குள் அது பேசப்பட்டிருக்கிறது, சண்டையும் வந்திருக்கலாம். அவன் சபைக்காக அந்த நிமிடத்தில் கட்டிய கதை இல்லை அது. இந்த ஒரு வரி இல்லாவிட்டால் கோல்ரிட்ஜோடு நானும் சேர்ந்திருப்பேன்.

ஏழாம் படி: அவசரத்தில் நழுவிய வரியைப் பிடியுங்கள்

ஐந்தாம் அங்கம் முதலாம் காட்சி. இருட்டு. கசியோவைக் கொல்ல ரொடரிகோவை ஏவிவிட்டு நிற்கிறான். இருவரில் யார் செத்தாலும் தனக்கு இலாபம் என்று கணக்குப் போடுகிறான். ரொடரிகோ பிழைத்தால் நகைகளைத் திருப்பிக் கேட்பான். கசியோ பிழைத்தால்? அவன் வாழ்க்கையில் அன்றாடம் ஓர் அழகு இருக்கிறது, அது என்னை அசிங்கமாக்குகிறது என்கிறான். அதற்குப் பிறகுதான், ஒதெல்லோ அவனிடம் என்னைக் காட்டிக்கொடுத்துவிடலாம் என்ற ஆபத்து நினைவுக்கு வருகிறது. கழுத்துக்குக் கத்தி வரும் ஆபத்தை இரண்டாவதாகச் சொல்கிறான்.

என் தீர்ப்பு இந்த வரியில்தான் நிற்கிறது. கசியோ ஒன்றும் உத்தமன் இல்லை. குடி தாங்காது, தன்னை விரும்பும் பியான்கா என்ற பெண்ணை மதிப்பதில்லை. அப்படியிருந்தும் மனிதர்கள் அவனை விரும்புகிறார்கள். பின்னோக்கிப் போய்ப் பாருங்கள்: ஒதெல்லோ உறுதியான, அன்பான, மேன்மையான குணமுள்ளவர் என்று எதிரியான இவனே ஒப்புக்கொள்கிறான். டெஸ்டிமோனாவின் நல்ல குணத்தையே வலையாகப் பின்னுவேன் என்கிறான். மற்றவர்களின் நன்மையை இந்த நாடகத்தில் மிகத் துல்லியமாகப் பார்க்கிற கண் இயாகோவுடையது. பார்க்கிற ஒவ்வொரு நன்மையும் தன்னைக் குறைத்துக் காட்டுவதாக அவனுக்குப் படுகிறது. பதவி, மனைவி, நிறம் எல்லாம் அந்தப் புண்ணில் வந்து படும் வேறு வேறு விரல்கள்.

கடைசிக் காட்சியில் இவன் ஏன் என்னை இப்படிச் சிக்கவைத்தான் என்று கேளுங்கள் என்கிறார் ஒதெல்லோ. என்னிடம் எதுவும் கேட்காதீர்கள், தெரிந்தது உங்களுக்குத் தெரியும், இனி ஒரு சொல் பேசமாட்டேன் என்கிறான் இயாகோ. காயத்தோடு உயிருடன் இழுத்துச் செல்லப்படுகிறான். அவனைத் தண்டிக்கும் பொறுப்பு கசியோவிடம் போகிறது. கசியோ இப்போது சைப்பிரஸின் ஆளுநர்.

எட்டாம் படி: ஒத்திகைக்குக் கொண்டுபோங்கள்

நடிகர் ஒரு காரணத்தைத் தனக்குள் தேர்ந்துகொள்ளட்டும், சபைக்கு அதைக் காட்ட வேண்டாம். இதற்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். தோட்டத்தில் ஒரு கங்காணி வேலை காலியாகிறது. பல வருடம் மலையில் நின்றவன் தனக்குத்தான் என்றிருக்கிறான். படித்துவிட்டு வந்த பையன் ஒருவனுக்கு அதைத் துரை கொடுத்துவிடுகிறார். நடிகர் செய்ய வேண்டியது: பிரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும் அந்தப் பையனின் கையைப் பிடித்து மனமார வாழ்த்த வேண்டும். கோபத்தின் நிழல்கூட முகத்தில் விழக்கூடாது. பார்க்கிறவர்கள் இவன் எவ்வளவு நல்ல மனுஷன் என்று சொன்னால் இயாகோ வந்துவிட்டான். இது பயிற்சிக்கு மட்டும். மேடையில் கதை வெனிஸிலும் சைப்பிரஸிலும் இருக்கட்டும். தோட்டத்துக்கு மாற்றினால் பதவிக் காரணம் மட்டும் பெரிதாகி மற்றவை காணாமல் போகும்.

அழைக்கும் முறையில் கவனம் வேண்டும். ஒதெல்லோவுக்கு ஐயா, ரொடரிகோவுக்குத் தம்பி, எமிலியாவுக்குப் பெயர்கூட வேண்டாம், 'இந்தா' போதும். கசியோவின் பதவி பறிபோன பிறகும் மூலத்தில் இயாகோ அவனை லெப்டினன்ட் என்றே அழைக்கிறான். அதை அப்படியே வைத்து, இன்னும் பணிவாகச் சொல்லச் செய்யுங்கள்.

தனிமொழிகளைக் கூரையைப் பார்த்துச் சொல்ல வேண்டாம். காமன் கூத்தைச் சுற்றி நின்று பார்த்து வளர்ந்த சனம் நம்முடையது, ஆடுகிறவன் பக்கத்தில் வந்து பேசினால் கூச்சப்படமாட்டார்கள். முன்வரிசையில் ஒருவரின் கண்ணைப் பார்த்து, நியாயம் கேட்பதுபோலப் பேசட்டும். அவர் தலையாட்டினால் நடிகர் வென்றார்.

ஒன்பதாம் படி: சுருக்கும்போது எதைத் தொடக்கூடாது

பாடசாலை மேடைக்கு முழு நாடகம் நீளம்தான், வெட்டித்தான் ஆக வேண்டும். மூன்றாம் அங்கத்துக் கோமாளித்தனங்கள், இரண்டாம் அங்கத்துப் புயல் வர்ணனை, தூதர்களின் பேச்சு ஆகியவற்றில் தாராளமாகக் கைவைக்கலாம். நான்காம் அங்கத்தில் எமிலியா சொல்லும் அந்தச் சந்தேக வரியும், ஐந்தாம் அங்கத்து இருட்டில் கசியோவின் அழகைப் பற்றிய வரியும் சின்னவை, வெட்டுகிறவர் கண்ணுக்கு முதலில் தேவையற்றவையாகத் தெரியும். இரண்டையும் பிரதியில் சிவப்பால் வட்டமிட்டு, நெறியாளர் முதல் நாளே குழுவுக்குச் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் அங்கத்துப் பெரிய காட்சியில் வசனத்தைக் குறைத்தாலும், ஒதெல்லோ கேட்டதை இயாகோ திருப்பிக் கேட்கும் இடங்களில் ஒன்றைக்கூட எடுக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் இடையில் மௌனத்துக்கும் நேரம் ஒதுக்கி, அதை ஒத்திகையிலேயே அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.